ஐம்பத்தோராவது கிலோவாட்: கொங்கு நாட்டுப் பட்டறைகளிலிருந்து தமிழ்நாடு அரசுக்குத் திறந்த மடல்

மாண்புமிகு முதலமைச்சர் அவர்களுக்கும், தொழில், குறு சிறு தொழில், மின்சாரம், துணிநூல் ஆகிய துறைகளின் அமைச்சர்களுக்கும்,

கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் லேத் பட்டறை, ஃபவுண்டரி (உலோக வார்ப்பாலை), விசைத்தறி, பனியன் ஜாப் ஒர்க் (கூலிக்குச் செய்துகொடுக்கும் வேலை) நடத்துகிறவர்கள் சேர்ந்து இதை எழுதுகிறோம். மனு கொடுத்தாயிற்று, மனிதச் சங்கிலி நின்றாயிற்று, 2023 செப்டம்பர் 25 அன்று ஒரு நாள் முழுக்க ஷட்டரை இறக்கியும் பார்த்தாயிற்று. இவ்வளவுக்குப் பிறகும் ஜூலை பிறந்தால் மின்கட்டணம் ஏறுகிறது. கூடவே வேலைவாய்ப்பு பெருகிவிட்டதாக ஓர் அறிவிப்பும் வருகிறது. இரண்டையும் சேர்த்து வாசிக்க எங்களால் முடியவில்லை.

2024 ஜனவரியில் சென்னையில் நடந்த உலக முதலீட்டாளர் மாநாட்டில் 631 ஒப்பந்தங்கள், 6.64 லட்சம் கோடி ரூபாய் முதலீடு, நேரடியாகவும் மறைமுகமாகவும் சுமார் 26.9 லட்சம் வேலை என்று அரசு அறிவித்தது. 2025 நவம்பரில் கோவையிலேயே ஒரு மாநாடு நடந்து, ஒரு லட்சம் வேலை என்று சொல்லப்பட்டது. 2024-25இல் மாநிலத்தின் வளர்ச்சி 11.19 சதவீதம். ஆண்டுத் தொழில் கணக்கெடுப்பில் தொழிற்சாலைகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் நமக்குத்தான். இதில் எதையும் நாங்கள் மறுக்கவில்லை. பெரிய ஆலை வருவது நல்லது, வரட்டும்.

ஆனால் அந்தக் கணக்கெடுப்பு தொழிற்சாலைச் சட்டத்தில் பதிவானவற்றை எண்ணியது. மின்சாரம் உள்ள இடத்தில் பத்துப் பேராவது இருந்தால்தான் அந்தப் பதிவேட்டுக்குள் வர முடிந்தது. கோவையின் கணபதியிலும் ஆவாரம்பாளையத்திலும் சின்னவேடம்பட்டியிலும் நான்கு பேர், ஆறு பேர் வேலை செய்யும் ஷெட்டுகள் அதில் இல்லை. சோமனூர், பல்லடம் பக்கத்து விசைத்தறிக் குடோன்களும் இல்லை. அங்கே ஒருவருக்கு வேலை கிடைத்தாலும் போனாலும் உங்கள் மேசைக்கு வரும் எந்தத் தாளிலும் அது ஏறாது.

இந்த வட்டாரத்தில் வேலை எப்படிப் பிறக்கிறது என்பதை முதலில் சொல்ல வேண்டும். ஒரு குதிரைத்திறன் மோனோபிளாக் பம்பை எடுத்துக்கொள்ளுங்கள். பாடியும் இம்பெல்லரும் ஒரு ஃபவுண்டரியில் வார்க்கப்படும். ஷாஃப்டுக்கு ஓரிடத்தில் டர்னிங், வேறோர் இடத்தில் கிரைண்டிங். ஸ்டாம்பிங் அடிக்க ஒரு பிரஸ் ஷாப், ரோட்டருக்கு அலுமினியம் ஊற்ற ஒரு டைகாஸ்டிங் ஷெட், காயில் சுற்ற ஒருவர், இம்பெல்லரை பேலன்ஸ் பண்ண இன்னொருவர், பெயிண்ட்டுக்கு மற்றொருவர். கம்பெனி பெயர்ப் பலகை மாட்டிய கட்டடத்தில் பெரும்பாலும் அசெம்பிளியும் டெஸ்டிங்கும் மட்டுமே நடக்கும். ஜவுளி எந்திர உதிரிபாகம், வால்வு, கிரைண்டர், வாகன உதிரிபாகம் எல்லாம் இப்படித்தான் ஷெட் ஷெட்டாக நகர்ந்து முழுமையாகின்றன. இந்தச் சங்கிலியில் புது வேலை என்பது, நான்கு மெஷின் வைத்திருப்பவர் ஐந்தாவதை இறக்கும் அன்று உண்டாவது. ஒரு ஆபரேட்டர், ஒரு ஹெல்பர், ஆர்டர் நன்றாக இருந்தால் இரவு ஷிப்டுக்கு இன்னும் இருவர். தொழில் நம்பிக்கை எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள விரும்பினால் அந்த ஐந்தாவது மெஷினைப் பாருங்கள். அது வருகிறதா, வராமல் நிற்கிறதா, நின்றால் எதனால் நிற்கிறது?

எங்கள் அனுபவத்தில் பல இடங்களில் அதை நிறுத்துவது ஆர்டர் இல்லாமை அல்ல, மின் இணைப்பின் நிலைக்கட்டணம், அதாவது மெஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இணைப்பின் அளவுக்கேற்ப மாதாமாதம் கட்ட வேண்டியது.

2022 செப்டம்பர் 10க்கு முன்னால் எங்களைப் போன்ற பட்டறைகளின் தாழ்வழுத்த 3பி வகை இணைப்புக்கு நிலைக்கட்டணம் கிலோவாட்டுக்கு மாதம் 35 ரூபாய். இணைப்பு எவ்வளவு பெரிதானாலும் அதே விகிதம். அந்தத் தேதியிலிருந்து 50 கிலோவாட் வரை 75 ரூபாய், அதைத் தாண்டினால் 150 ரூபாய், 112ஐயும் தாண்டினால் 550 ரூபாய் என்று ஆனது. 112 கிலோவாட் இணைப்பு வைத்திருந்தவர் மாதம் 3,920 ரூபாய் கட்டிக்கொண்டிருந்தார். ஒரே இரவில் அது 16,800 ஆனது. இதெல்லாம் ஒரு யூனிட்கூட ஓட்டாமல் கட்ட வேண்டிய தொகை. யூனிட் விலை 6.35இலிருந்து 7.50 ஆனது தனிக் கணக்கு.

உயர்வைவிட மோசமானது அந்தக் கட்டணப் படிகள் அமைந்திருக்கும் விதம். 50 கிலோவாட்டைத் தாண்டினால் தாண்டிய பகுதிக்கு மட்டும் 150 ரூபாய் இல்லை, மொத்தப் பளுவுக்கும் (இணைப்புக்கு அனுமதித்த மின்திறன் முழுவதுக்கும்) 150 ரூபாய். சராசரிப் பட்டறை ஒன்று: கணினி இயக்கும் எந்திரங்களான இரண்டு சி.என்.சி. டர்னிங் சென்டர், ஒரு வி.எம்.சி., பழைய லேத்துகள், ஒரு கம்ப்ரசர், அனுமதி பெற்ற பளு 48 கிலோவாட். 2022 விகிதப்படி நிலைக்கட்டணம் மாதம் 3,600 ரூபாய். அவர் 10 கிலோவாட்டுக்கு இன்னொரு சி.என்.சி. வாங்குகிறார். பளு 58 ஆகிறது, கட்டணம் 8,700 ஆகிறது. அந்தப் பத்து கிலோவாட்டுக்குப் பழைய விகிதத்தில் மாதம் 350 ரூபாய்தான் கூடியிருக்கும். இப்போது கூடுவது 5,100 ரூபாய், வருடத்துக்கு 61,200. இது 2022ஆம் ஆண்டுக் கணக்கு. அதன்மேல் 2023 ஜூலையில் 2.18, 2024 ஜூலையில் 4.83, 2025 ஜூலையில் 3.16 சதவீதம் என்று மூன்று முறை ஏற்றியிருக்கிறீர்கள். மூன்றும் சேர்ந்து சுமார் பத்தரை சதவீதம். மெஷினுக்கு வங்கித் தவணை, ஆபரேட்டர் சம்பளம், இன்சர்ட், கூலன்ட், வாடகை எல்லாம் போக ஒரு ஜாப் ஒர்க் மெஷினில் மிஞ்சுவது எவ்வளவு என்று தெரிந்தவர்களுக்கு இந்த 61,200 என்ன செய்யும் என்று விளக்க வேண்டியதில்லை.

அதனால் ஆட்கள் 48இலும் 49இலும் நின்றுவிடுகிறார்கள். ஐந்தாவது மெஷின் வேண்டாம், இருப்பதை மாற்றி மாற்றி ஓட்டிக்கொள்ளலாம் என்று முடிவு செய்கிறார்கள். கம்ப்ரசரும் இரண்டு பெரிய மோட்டாரும் ஒரே நேரத்தில் இழுத்துவிட்டால் மீட்டரில் பதிவாகும் டிமாண்ட், அதாவது உச்ச மின்தேவை, அனுமதிப் பளுவைத் தாண்டிவிடும், அதற்குத் தனியாகத் தண்டம். ஒரே வளாகத்தில் இரண்டாவது இணைப்பு எளிதில் கிடைப்பதில்லை. பெரிதாகிவிட்டால் உயரழுத்தத்துக்குப் போக வேண்டும். சொந்த டிரான்ஸ்ஃபார்மர், மீட்டரிங் செட், கே.வி.ஏ.வுக்கு 550 ரூபாயில் தொடங்கிய டிமாண்ட் கட்டணம், ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஒப்பந்தப் பளுவில் 90 சதவீதத்துக்குப் பணம். வளர்கிறவனை ஒவ்வொரு படியிலும் நிறுத்தித் தண்டம் கேட்கும் கட்டண அட்டவணை இது. இதை வைத்துக்கொண்டு வேலைவாய்ப்பைப் பெருக்க முடியாது.

மின்வாரியத்தின் கடன் ஒன்றரை லட்சம் கோடியைத் தாண்டியது எங்களுக்கும் தெரியும். செலவுக்கு ஏற்ற விலை வேண்டும் என்பதை நாங்கள் எதிர்க்கவில்லை. யூனிட்டின் மேல் ஏற்றினால், வேலை இருக்கும்போது கட்டுவோம், வேலை இல்லாதபோது குறையும். நிலைக்கட்டணத்தின் மேல் ஏற்றினால், ஆர்டர் இல்லாத மாதத்தில்தான் அது அதிகமாக உறுத்தும். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டு ஏற்றுமதி தடுமாறியபோது, திருப்பூரில் மெஷின் நின்ற யூனிட்டுகளுக்கும் அதே நிலைக்கட்டணம்தான் வந்தது. பளுவைக் குறைத்துக்கொள்ளலாமே என்பார்கள். குறைக்க ஒரு விண்ணப்பம், ஆய்வு, காத்திருப்பு. மறுபடி ஆர்டர் வந்து ஏற்றப் போனால் கூடுதல் பளுவுக்கு வளர்ச்சிக் கட்டணமும் டெபாசிட்டும். அதற்குப் பயந்தே பலர் ஓடாத மெஷினுக்கு மாதாமாதம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

உச்சநேரக் கட்டணம் அடுத்தது. காலை 6 முதல் 10, மாலை 6 முதல் 10. தாழ்வழுத்த இணைப்புக்கு யூனிட் விலையில் 25 சதவீதம் கூடுதல் என்று போட்டுவிட்டு, கூக்குரலுக்குப் பிறகு 15 ஆக்கினீர்கள். உயரழுத்தத்தில் 25 நிற்கிறது. ஃபவுண்டரிக் கணக்கு இப்படி: இண்டக்ஷன் உலையில் ஒரு டன் இரும்பு உருக்க சுமார் 600 யூனிட். உயரழுத்த யூனிட் 2022 விலையில் 6.75 ரூபாய், அதில் 25 சதவீதம் என்றால் உச்சநேரத்தில் உருக்கும் டன்னுக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல். உருக்கியதில் பத்துக்கு ஆறு பங்குதான் நல்ல காஸ்டிங்காகக் கைக்கு வரும், அச்சின் வழிகளில் உறைந்த ரன்னரும் ரைசரும் மறுபடி உலைக்கே போகும். ஆகவே விற்கும் காஸ்டிங்கில் கிலோவுக்கு ஒன்றரை ரூபாய்க்கு மேல் உச்சநேரத்துக்கு மட்டும் போகிறது. கம்பெனிக்காரர் 50 பைசா உயர்த்தித் தர மாதக்கணக்கில் பேசுவார். பத்துக்கு மேல் தொடங்கி ஆறுக்குள் முடிக்கலாமே என்று சொல்பவர்கள் உலைப் பக்கம் நின்றவர்களாக இருக்க முடியாது. காலையில் உலையின் உட்பூச்சான குளிர்ந்த லைனிங்கைச் சூடேற்றி முதல் ஹீட் (ஒரு முறை உருக்குவது) இறக்கவே நேரம் பிடிக்கும். தினமும் ஆறவிட்டுச் சூடேற்றினால் லைனிங்கில் வெடிப்பு விழும், ஆயுள் குறையும். மோல்டு கட்டி வைத்த ஆட்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். நடு ஹீட்டில் கரண்ட் போனால் அது வேறு கதை. உலைக்குள்ளேயே இரும்பு உறைந்துவிட்டால் அதை எடுப்பதற்குள் ஒரு நாள் வேலை போய்விடும், சில சமயம் லைனிங்கும் சேர்ந்து போகும். உச்சநேரத்துக்குக் கூடுதல் வாங்கும் வாரியம் அந்த எட்டு மணி நேரமாவது தடையில்லாமல் தரும் பொறுப்பை ஏற்கவில்லை.

சரி, கூரையில் சூரியத் தகடு போடலாம் என்று கடன் வாங்கிப் போட்டவர்களுக்கும் வலையமைப்புக் கட்டணம் வந்தது. எங்கள் கூரையில் உற்பத்தியாகி, கீழே எங்கள் மெஷினிலேயே செலவாகிவிடும் யூனிட்டுக்கும் சேர்த்துக் கணக்கிட்டார்கள். வாரியத்தின் கம்பியில் ஏறாத மின்சாரத்துக்கு வாரியத்துக்கு ஏன் வாடகை? இந்தக் கேள்விக்கு இதுவரை நேரான பதில் வரவில்லை.

கட்டணத்தை நிர்ணயிப்பது மின்சார ஒழுங்குமுறை ஆணையம், அரசு என்ன செய்யும் என்று மேடையில் சொல்கிறீர்கள். 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 65ஆம் பிரிவு, அரசு மானியம் கொடுத்து எந்தப் பிரிவினருக்கும் கட்டணத்தைக் குறைக்க வழி தருகிறது. 108ஆம் பிரிவு, பொதுநலக் கொள்கை வழிகாட்டுதலை ஆணையத்துக்கு அனுப்ப அதிகாரம் தருகிறது. 2023இல் வீட்டு இணைப்புகளுக்கான உயர்வை அரசே ஏற்றது. விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் இலவசம் தருகிறீர்கள். வழி இருக்கிறது என்பதற்கு உங்கள் ஆணைகளே சாட்சி. இந்த மண்ணில் மில்கள் பெருகியது 1930களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகுதான். அரசின் மின்சாரத்தால் எழுந்த தொழில் அரசின் மின்கட்டணத்தாலேயே தேங்குவதை எப்படிப் பொறுத்துக்கொள்வது?

விசைத்தறிக்கு வருவோம். இலவச மின்சாரம் கொடுத்ததை மறக்கவில்லை, அது இல்லாவிட்டால் பாதித் தறி எப்போதோ எடைக்குப் போயிருக்கும். ஆனால் தறிக்காரரைச் சாகடிப்பது கூலி. கூலிக்கு நெசவு எப்படி நடக்கிறது என்பதை ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கும் அதிகாரிகள் முழுக்க உணர்ந்திருப்பதாகத் தெரியவில்லை. ஜவுளி உற்பத்தியாளர் பாவும் (துணியின் நீளவாட்டு நூல்) ஊடை நூலும் (குறுக்கு நூல்) தருவார். தறிக்காரர் நெய்து துணியாகத் திருப்பித் தருவார், கூலி வாங்குவார். பாவு அவர் கையில், தறி இவர் கையில். பேசிய கூலியைக் கேட்கிறவருக்கு அடுத்த பாவு வராது. வெளிப்படையாக யாரும் மறுக்க மாட்டார்கள், "மார்க்கெட் சரியில்லை, பத்து நாள் கழிச்சுப் பார்க்கலாம்" என்பார்கள். பத்து நாள் தறி நின்றால் ஆள் வேறு குடோனுக்குப் போய்விடுவார், கடன் தவணை நிற்காது. பதினோராவது நாள் தறிக்காரர் பழைய கூலிக்கே பாவு இறக்கிக்கொள்வார்.

இப்படித்தான் ஒப்பந்தங்கள் ஒவ்வொன்றாகச் செத்தன. 2021 நவம்பரில் சோமனூர் ரகத்துக்கு 23 சதவீதம், பல்லடம் உள்ளிட்ட பிற ரகங்களுக்கு 20 சதவீதம் கூலி உயர்வு என்று பேசி முடித்தார்கள். கைக்கு வரவில்லை. 2022இல் மறுபடி வேலைநிறுத்தம், அதே ரகங்களுக்கு 19, 15 என்று இறங்கிவந்து இன்னொரு ஒப்பந்தம். அதுவும் நிலைக்கவில்லை. 2025 மார்ச் 19இல் தொடங்கி ஒரு மாதத்துக்கும் மேல் கோவை, திருப்பூர் மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான தறிகள் நின்றன, உண்ணாவிரதம் இருந்தார்கள். அமைச்சர்கள் முன்னிலையில் 15, 10 என்று முடிந்தது. எண்களைக் கவனியுங்கள், ஒவ்வொரு முறையும் கீழேதான் இறங்குகின்றன. காரணம் சட்டத்தில் இருக்கும் இடைவெளி. கூலித் தறிக்காரர் தொழிலாளி அல்ல, அதனால் தொழிலாளர் தகராறுகளுக்கான சட்டம் அவருக்கு உதவாது. கூலி விகிதத்தை மீறினால் தண்டிக்க வேறு சட்டமும் இல்லை. கலெக்டர் முன்னால் போட்ட கையெழுத்துக்கு நல்லெண்ணத்தைத் தவிர வேறு பிடிமானம் கிடையாது.

இதில் வேலை எப்படிப் போகிறது தெரியுமா? ஓர் ஆள் நான்கு முதல் எட்டுத் தறி பார்ப்பார். கூலி கட்டுப்படியாகாதபோது குடோன்காரர் ஆளை நிறுத்திவிட்டு அவரும் அவர் மனைவியும் ஷிப்ட் மாற்றி ஓட்டுவார்கள். தறி ஓடிக்கொண்டே இருக்கும், கரண்ட் பில் வந்துகொண்டே இருக்கும். உங்கள் கணக்கில் அது இயங்கும் யூனிட். அங்கே இருந்த இரண்டு வேலை போனது யாருக்கும் தெரியாது.

பணம் வராத கதை எல்லாத் தொழிலுக்கும் பொது. குறு சிறு நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் 2006இல் வந்தது. எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள், இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பாக்கி வைக்கக் கூடாது. வைத்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி வீதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டுவட்டியாக. வங்கி வீதம் 6.75 ஆக இருந்தபோது அது 20.25 சதவீதம். வழக்கைத் தீர்க்கும் வசதியாக்கல் மன்றங்கள் மாநில அரசு அமைப்பவை, கோவையில் ஒன்று இருக்கிறது. 90 நாளில் முடிக்க வேண்டும் என்பது சட்டம். நடப்பில் அந்தக் கெடு மதிக்கப்படுவதில்லை, ஹியரிங் தேதி வருவதற்கே மாதங்கள் ஓடுகின்றன.

மன்றம் வரை போகாமலேயே பலர் தோற்கிறார்கள். இங்கே ஆர்டர் போனில் வரும், சரக்கு டெலிவரி சலானில் போகும், பர்ச்சேஸ் ஆர்டர் என்று ஒரு தாள் இருக்காது. குறுந்தொழிலாக அரசிடம் செய்யும் உத்யம் பதிவும் சரக்குக் கொடுத்த தேதிக்கு முந்தியதாக இல்லாவிட்டால் சிக்கல், பலர் பாக்கி விழுந்த பிறகுதான் பதிவுக்கு ஓடுகிறார்கள். மூன்று மாதம் கழித்து "ரிஜெக்ஷன்" என்று பணத்தைக் கழித்து டெபிட் நோட் அனுப்புவார்கள். சரக்கு கிடைத்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்காவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே பொருள் என்று சட்டம் சொல்கிறது, அதைப் பட்டறைக்காரருக்குச் சொல்ல ஆளில்லை. மாவட்டத் தொழில் மையம் செய்ய வேண்டிய வேலை அது. பாக்கி வைப்பவர்களில் அரசின் சொந்த நிறுவனங்களும் வாரியங்களும் உண்டு என்பதையும் வருத்தத்தோடு சொல்கிறோம். அரசே 45 நாளைத் தாண்டும்போது தனியாரை யார் கேட்பது?

மானியத் திட்டங்கள் காகிதத்தில் நன்றாகவே இருக்கின்றன. குறு உற்பத்தி நிறுவனத்துக்கு முதல் 36 மாதம் மின்கட்டணத்தில் 20 சதவீதம் திருப்பித் தரப்படும். எந்திரத்தில் 25 சதவீதம் முதலீட்டு மானியம். தடங்கல் பணம் வரும் வேகத்தில். விண்ணப்பம் ஏற்கப்பட்டு, ஆய்வு முடிந்து, ஒப்புதலும் ஆன பிறகு, நிதி வரவில்லை, வரிசையில் இருக்கிறது என்பார்கள். 40 லட்சம் ரூபாய் எந்திரத்துக்கு மானியம் 10 லட்சம். 11 சதவீத வட்டிக் கடனில் வாங்கியவருக்கு ஒரு வருடம் தாமதமானால் 1,10,000 ரூபாய் வட்டியாகவே போகிறது. மானியத்தை நம்பி மெஷின் வாங்கியவர் அடுத்தவருக்கு என்ன யோசனை சொல்வார்?

ஆள் பற்றாக்குறையும் இருக்கிறது, அதை மறைக்க மாட்டோம். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்கள் இல்லாவிட்டால் பாதி ஷெட் ஓடாது. 2023 மார்ச்சில் பொய் வீடியோ பரவியபோது அவர்கள் ஊருக்குக் கிளம்பியதைப் பார்த்தோம், அப்போது அரசு விரைந்து நின்றதையும் பார்த்தோம். நம் ஊர்ப் பிள்ளைகள் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு எங்கள் பட்டறைக்கு வருவதில்லை. பி.எஃப்., இ.எஸ்.ஐ. இல்லாத இடத்துக்கு ஏன் வர வேண்டும் என்ற அவர்கள் கேள்வி நியாயமானது. நான்கு பேர் பட்டறை அதைத் தனியாகச் சுமக்க முடியாது. 71 அரசு ஐ.டி.ஐ.களில் 2,877 கோடி ரூபாயில் புது எந்திரங்கள் இறக்கியிருக்கிறீர்கள். அந்த எந்திரத்தில் பழகியவன் அதே வகை மெஷின் இருக்கும் ஜாப் ஒர்க் ஷெட்டுக்கு வந்து சேர வழி போட்டால் பணம் பலன் தரும்.

எங்கள் கோரிக்கைகள்:

தாழ்வழுத்த 3பி நிலைக்கட்டணத்தைப் படிநிலையாக்குங்கள். இணைப்பு எவ்வளவு பெரிதானாலும் முதல் 50 கிலோவாட்டுக்கு முதல் படியின் விகிதமே இருக்கட்டும், தாண்டிய பகுதிக்கு மட்டும் அடுத்த விகிதம். 48 கிலோவாட் பட்டறைக்காரருக்குப் பத்து கிலோவாட்டால் கூடும் 5,100 ரூபாய், இதைச் செய்தால் 2022 விகிதத்திலேயே 1,350 ஆகிவிடும். முதல் இரண்டு கிலோவாட்டுக்கு 150, அடுத்த எட்டுக்கு 1,200, அவ்வளவுதான். எல்லாக் கோரிக்கையிலும் இதுவே முதலாவது. இதற்காக 108ஆம் பிரிவின் கீழ் ஆணையத்துக்கு வழிகாட்டுதல் அனுப்புங்கள். ஆணை வரும் வரை வித்தியாசத்தை 65ஆம் பிரிவின் கீழ் அரசு ஏற்கட்டும்.

ஆண்டில் இரண்டு முறையாவது பளுவை இணையவழியில் குறைக்கவும், குறைத்ததை வளர்ச்சிக் கட்டணம் இல்லாமல் பழைய அளவுக்கு ஏற்றவும் அனுமதியுங்கள். விண்ணப்பித்த 15 நாளில் முடியாவிட்டால் புதிய பளுவே கணக்கில் வரட்டும்.

தாழ்வழுத்த உச்சநேரக் கட்டணத்தை நீக்குங்கள். ஃபவுண்டரிகளுக்கு உச்சநேரத்தில் மின்தடை ஏற்பட்டால் அந்த மாத உச்சநேரக் கூடுதலில் கழிவு தாருங்கள். கூரைச் சூரிய மின்சாரத்தில் சொந்தப் பயன்பாட்டு யூனிட்டுக்கு வலையமைப்புக் கட்டணம் வாங்காதீர்கள். வருடாந்தர ஜூலை உயர்விலிருந்து குறு, சிறு தொழில் இணைப்புகளுக்கு மூன்று ஆண்டு விலக்கு அளியுங்கள்.

விசைத்தறிக் கூலிக்குச் சட்டப் பாதுகாப்பு கொடுங்கள். ரகவாரியாகக் குறைந்தபட்சக் கூலியை அரசிதழில் அறிவிக்கவும், மீறினால் வசூலிக்கவும் அதிகாரம் தரும் சட்டமுன்வடிவை அடுத்த சட்டமன்றக் கூட்டத்தொடரிலேயே கொண்டுவாருங்கள். கூலிப் பட்டுவாடா வங்கி வழியாக, பாவு எண்ணும் மீட்டரும் குறித்த ரசீதோடு நடக்க வேண்டும் என்று அதில் சேருங்கள். ரசீது இருந்தால்தான் மீறலை நிரூபிக்க முடியும்.

கோவை வசதியாக்கல் மன்றம் வாரம் ஒரு முறையாவது கூடட்டும். எத்தனை மனு வந்தது, எத்தனை 90 நாளில் தீர்ந்தது, எவ்வளவு பணம் கைக்கு வந்தது என்பதை மாதாமாதம் வெளியிடுங்கள். அரசு நிறுவனங்கள் குறுந்தொழில்களுக்கு வைத்திருக்கும் 45 நாளைத் தாண்டிய பாக்கியை வட்டியோடு தீர்க்க ஒரு தேதி சொல்லுங்கள்.

ஒப்புதல் ஆன மானியம் 60 நாளில் வங்கிக் கணக்கில் ஏறட்டும். தாமதமானால் வங்கி வட்டியை அரசு சேர்த்துக் கொடுக்கட்டும். பத்துப் பேருக்குக் குறைந்த பட்டறைகளில் சேரும் ஐ.டி.ஐ. பிள்ளைகளுக்கு முதல் மூன்று ஆண்டு வருங்கால வைப்புநிதி, மருத்துவக் காப்பீட்டுப் பங்கை அரசு ஏற்கும் திட்டம் ஒன்றை வகுத்துத் தாருங்கள்.

கடைசியாக, வேலைக் கணக்கு. இனி மாநாட்டில் அறிவிக்கும் எண்ணோடு, முந்தைய மாநாட்டு ஒப்பந்தங்களில் எத்தனை ஆலை ஓடத் தொடங்கின, அவற்றில் எத்தனை பேர் பி.எஃப். பதிவில் ஏறினார்கள் என்பதை மாவட்டவாரியாக வெளியிடுங்கள். அதே அறிக்கையில், அந்த ஆண்டு எத்தனை 3பி இணைப்புகள் துண்டிக்கப்பட்டன, எத்தனை பளுவைக் குறைத்தன, எத்தனை ஏற்றின என்ற வாரியக் கணக்கும் இருக்கட்டும். அந்தத் தரவு வாரியத்திடம் ஏற்கெனவே இருக்கிறது.

இவற்றில் எதை ஏற்கிறீர்கள், எதை ஏற்கவில்லை, ஏன் என்று எழுத்தில் பதில் வேண்டும். அடுத்த ஜூலைக் கட்டண உயர்வு வருவதற்கு முன்னால் கோவையில் எங்களை அழைத்துப் பேசுங்கள். மின்துறைச் செயலரும் குறுந்தொழில் செயலரும் அந்த மேசையில் இருக்க வேண்டும். பட்டறை மின்கட்டண ரசீதுகளோடு வருகிறோம்.

இப்படிக்கு,
கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரக் குறுந்தொழில் செய்வோர்